புது வீட்டுக்குச் சுடுதண்ணி: கட்டாயம் யாருக்கு, செலவு யாருக்கு?

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் கலந்துகொண்ட வீடமைப்புக் கலந்துரையாடலில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நமது வீடமைப்புக் கோரிக்கைகளை எழுதி முடிக்க வேண்டும். காணி உறுதி, ஏழு பேர்ச்சஸ், பாதை, தண்ணி, கரண்ட் என்று பட்டியல் ஏற்கனவே நீளம். அதில் இன்னொன்றையும் சேர்க்கலாமா என்று பேசும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டிலும், வெயிலில் தண்ணி சூடாக்கும் தாங்கி இருக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் விதி போட வேண்டுமா, வேண்டாமா? இதுதான் கேள்வி.

கேட்டவுடன் பின்வரிசையில் சிலர் சிரித்தது எனக்குத் தெரிகிறது. கூரைத் தகரம் ஒழுகுது, இவர் சுடுதண்ணி கேட்கிறார் என்று நினைக்கலாம். ஹோட்டலில் இருக்கிற சாமானை லயத்து ஆளுக்கு எதற்குக் கேட்கிறார் என்றும் நினைக்கலாம். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. அதற்கும் பதில் சொல்கிறேன். முதலில் இங்கே இருக்கிற அக்காமார், தங்கச்சிமாரிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டில் சுடுதண்ணி இல்லையா?

இருக்கிறது. பிள்ளைக்காரிக்குச் சுடுதண்ணி வேண்டும். கைக்குழந்தையைப் பச்சைத் தண்ணியில் குளிப்பாட்ட முடியாது. இழுப்பு இருக்கிற தாத்தாவுக்கு வேண்டும். மழையில் நனைந்து கொழுந்து எடுத்துவிட்டு வருகிறவருக்குக் கைகால் கழுவ வேண்டும். ஆகவே சுடுதண்ணி நமக்குப் புதுச் சாமான் இல்லை. அதை இன்று யார் உண்டாக்குகிறார்கள், எதைக் கொடுத்து உண்டாக்குகிறார்கள் என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒரு நாள் சுடுதண்ணியின் கணக்கு

நான் வாத்தியார், அதனால் கணக்குப் போட்டே சொல்கிறேன். ஐந்து பேர் இருக்கிற வீடு. ஆளுக்கு ஒரு வாளி, 20 லீட்டர். மொத்தம் 100 லீட்டர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பம் சுமார் 16 பாகை. பீலித் தண்ணியும் ஏறக்குறைய அந்தக் குளிரில்தான் வரும். அதைக் குளிக்கிற பதத்துக்கு, 40 பாகைக்குக் கொண்டுவர வேண்டும்.

கரண்டில் சூடாக்கினால் ஏறக்குறைய 3 யூனிட் போகும். மாதத்துக்கு 80 யூனிட்டுக்கு மேல். மின்சார சபை பில்லில் 60 யூனிட்டைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதுவரை இருந்த குறைந்த விலை போய்விடும். 2022 ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் 66 வீதம் ஏறியது. பல்பையே அணைத்து அணைத்துப் போட்ட நாட்கள் அவை. அந்த வழி நமக்கு அடைபட்ட வழி. கேஸ் கதையும் அதுதான். 2022இல் சிலிண்டருக்காக நின்ற வரிசையை யாரும் மறக்கவில்லை.

மிஞ்சுவது விறகு. திறந்த அடுப்பில் எரிகிற சூட்டில் பெரும் பங்கு சுவருக்கும் புகைக்கும் போய்விடும், பானைக்கு வருவது கொஞ்சம்தான். அந்த 100 லீட்டருக்கு நன்றாகக் காய்ந்த விறகே 5, 6 கிலோ வேண்டும். ஈர விறகானால் இன்னும் கூட. சமையலுக்கு எரிப்பது வேறு கணக்கு.

கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு கிடைக்கிற காலத்தில் பரவாயில்லை. மற்றக் காலத்தில் சவுக்கு மரத்துக் கிளை தேடி எங்கேயோ போக வேண்டும். போவது யார்? காலை பெரட்டுக்குப் போய், நாள் முழுக்கக் கூடை சுமந்து, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற அதே பெண்தான் போகிறார். அந்த நடைக்குப் பேரும் இல்லை, கைக்காசும் இல்லை. கம்பனிக் கணக்குப் புத்தகத்தில் அது வேலையே இல்லை.

அதனால்தான் நம் வீட்டில் ஐந்து பேரும் தினம் சுடுதண்ணியில் குளிப்பதில்லை. முதலில் குழந்தைக்கு, அடுத்து வயதானவருக்கு, பிறகு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு, கடைசியில் மிச்சமிருந்தால் விறகு சுமந்த ஆளுக்கு. பெரும்பாலும் மிச்சமிருக்காது. ஜனவரி, பெப்ரவரியில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற காலையில், குளிக்காமல் வருகிற பிள்ளையை நான் வகுப்பில் குறை சொல்வதில்லை. தலையில் புகை வாடையோடு வருகிற பிள்ளையையும் குறை சொல்வதில்லை. அந்த வாடை வீட்டில் விடிகாலையே அடுப்பு எரிந்தது என்பதற்குச் சாட்சி. அதே புகையைத்தான் அடுப்படியில் அம்மா நெஞ்சுக்குள் இழுத்திருக்கிறார். தரையில் இறக்கி வைத்த கொதிதண்ணிப் பானையில் பிள்ளை விழுந்த கதை இல்லாத தோட்டம் இருக்கிறதா?

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். துரை பங்களாவில் குளிக்கச் சுடுதண்ணி வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருந்தது. அதற்கு விறகு வெட்டிச் சுமந்து நெருப்புப் போட்டவர்கள் நம் ஆட்கள். ஆகவே இந்த மலையில் சுடுதண்ணி ஆடம்பரம் என்று யாரும் நினைக்கவில்லை. நமக்கு அது வேண்டாம் என்றுதான் நினைத்தார்கள்.

கூரையில் வைப்பது என்ன?

இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாளை யாராவது வந்து ஏதாவது பெரிய வார்த்தை சொன்னால் நாம் மிரளக் கூடாது.

கூரையில் கறுப்புப் பூசிய தகடு, அல்லது இரட்டைச் சுவர் உள்ள கண்ணாடிக் குழாய்கள் சாய்வாக இருக்கும். வெயில் பட்டதும் உள்ளே இருக்கிற தண்ணி சூடாகும். சூடான தண்ணி பாரம் குறைந்து தானாக மேலே ஏறும். மேலே, சூடு வெளியே போகாதபடி தடித்த உறை போட்ட தாங்கி இருக்கும். அதன் அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணி கீழே இறங்கும். பகல் முழுவதும் இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை, ஓடித் தேய்கிற பாகம் இல்லை. மாலையில் திறந்தால் சுடுதண்ணி வரும். மறுநாள் விடியற்காலையிலும் அதில் சூடு இருக்கும்.

மசமசவென்று மூட்டம் போட்ட நாளில்? நல்ல கேள்வி. தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில் மஸ்கெலியா, நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் நாட்கணக்கில் வெயிலைப் பார்க்க முடியாது. ஊவாப் பக்கத்தில் வடகிழக்கு மழையில் அதே நிலை. அந்த நாட்களில் இந்தத் தாங்கி வெதுவெதுப்பான தண்ணிதான் தரும். சில நாள் அதுவும் தராது. அடுப்பை மூடிவிடலாம் என்று சொல்லி யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். ஆனால் வெதுவெதுத்த தண்ணியைக் கொதிக்க வைக்கக் கொஞ்சம் விறகு போதும், உறைந்த தண்ணிக்கு நிறைய வேண்டும். வெயில் அடிக்கிற மாதங்களில் குளிக்கிற தண்ணிக்கு விறகே வேண்டாம். குளிர் கடுமையாக இருக்கிற ஜனவரி, பெப்ரவரியில்தான் நுவரெலியாப் பக்கம் பகலில் வெயில் நன்றாக அடிக்கிறது. நமக்கு மிகவும் தேவைப்படுகிற மாதத்தில் அது கைகொடுக்கும்.

ஏன் புது வீட்டிலேயே?

பிறகு வசதி வந்ததும் பூட்டிக்கொள்ளலாமே, கட்டும்போதே ஏன்? விஷயத்தின் மையம் இதுதான்.

100 லீட்டர் தண்ணி என்றால் 100 கிலோ. தாங்கியின் இரும்பும் கண்ணாடியும் அதற்கு மேல். மெல்லிய மரச்சட்டத்தில் தகரம் போட்ட கூரை அதைத் தாங்காது. பிறகு வைக்க வேண்டுமானால் கூரையைப் பிரிக்க வேண்டும், சட்டம் மாற்ற வேண்டும், பூசிய சுவரை உடைத்துப் பைப் போட வேண்டும். அந்தத் தாங்கிக்குத் தண்ணி இறங்க, பச்சைத் தண்ணித் தாங்கி அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இதெல்லாம் படம் கீறும்போதே முடிவு செய்தால் சின்ன வேலை. வீடு கட்டி முடித்த பிறகு என்றால் ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளம். அதனால் அது நடக்கவே நடக்காது.

நாம் வாழ்கிற லயத்தைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. கட்டும்போது குசினிக்குப் புகைக்கூண்டு வைக்கவில்லை, கக்கூஸ் வைக்கவில்லை, வீட்டுக்குள் பைப் இழுக்கவில்லை. அன்று கட்டியவன் மிச்சம் பிடித்தான். அவன் மிச்சம் பிடித்ததை நாம் நூறு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இருமலாகக் கட்டுகிறோம், பீலிக்கும் லயத்துக்கும் நடந்து கட்டுகிறோம், முதுகு வலியாகக் கட்டுகிறோம். கட்டும்போது விட்டுப்போன ஒவ்வொன்றும் பிறகு பெண்கள் தலையில்தான் ஏறியிருக்கிறது.

இப்போது புது வீடுகள் வருகின்றன. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த இன்னும் 10,000 வீடுகள். இவை 550 சதுர அடி வீடுகள். மந்தமாக வந்தாலும் வருகிறது. வந்த வீட்டில் நம் பிள்ளையும், பிள்ளையின் பிள்ளையும் இருக்கும். அதனால்தான் விதி போட வேண்டிய நேரம் இது. அத்திவாரம் போட்ட பிறகு பேசிப் பயனில்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

வீட்டுக்கு இப்படி ஒரு கட்டாயம் நம் நாட்டில் இல்லை. ஆனால் உலகத்தில் இது புதிய யோசனையில்லை. 1970களில் எண்ணெய் விலை எகிறிய பிறகு, இஸ்ரேலில் 1980இல் புதிய குடியிருப்புகளுக்கு இதைச் சட்டமாக்கினார்கள். இன்று அங்கே பத்தில் எட்டு வீட்டுக்கு மேல் வெயிலில்தான் தண்ணி சூடாகிறது. ஸ்பெயினில் பார்சிலோனா நகரம் 2000ஆம் ஆண்டில் இந்த விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2006இல் நாடு முழுவதற்கும் கட்டட விதியாகிவிட்டது. அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் 2008இல் சட்டம் கொண்டுவந்து, 2010 முதல் தனி வீடு கட்ட அனுமதி வேண்டுமானால் இது இருக்க வேண்டும் என்றார்கள். வெயில் போதாத இடத்துக்கு விலக்கும் வைத்தார்கள்.

இந்த இடங்களில் எல்லாம் செலவு யாருக்கு? கட்டுகிறவர் போட்டார், வாங்குகிறவர் வீட்டு விலையோடு சேர்த்துக் கொடுத்தார். காசு உள்ளவர் வீடு கட்டுகிற இடத்தில் இது சரி. கர்நாடகத்தில் பெங்களூர் மின்சார நிறுவனம் 2007 முதல், இது பூட்டினால்தான் புது வீட்டுக்குக் கரண்ட் என்றது. சிறிய வீடுகளுக்கு விலக்குக் கொடுத்தது. ஏழைக்குச் சுமை ஏற்றக் கூடாது என்ற எண்ணம் நல்லது. ஆனால் அதன் விளைவு என்ன? பெரிய வீட்டில் வெயில் தண்ணியைச் சுடவைக்கும், சின்ன வீட்டில் விறகுதான் சுடவைக்கும்.

நமக்குப் பொருத்தமான உதாரணம் பிரேசில். அங்கே ஏழைகளுக்கு அரசாங்கமே வீடு கட்டிக் கொடுக்கிற பெரிய திட்டம் இருந்தது. அதன் இரண்டாம் கட்டத்தில், 2011இலிருந்து, மிகக் குறைந்த வருமானக்காரருக்குக் கட்டுகிற தனி வீடுகளில் இந்தத் தாங்கியைக் கட்டாயமாக்கினார்கள். கட்டாயம் வீட்டுக்காரருக்கு இல்லை, கட்டிக் கொடுக்கிற திட்டத்துக்கு. செலவு வீட்டுச் செலவில் ஒரு பகுதி. அங்கே ஏழை வீடுகளில் கரண்டில் ஓடும் சுடுதண்ணிக் குழாய்தான் வழக்கம், அதனால் பில் குறைந்தது. நமக்கு விறகும் நேரமும் குறையும்.

எச்சரிக்கையாக ஒரு நாட்டையும் சொல்ல வேண்டும். தென்னாபிரிக்காவில் பத்து இலட்சம் தாங்கிகள் பூட்டுவோம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஏழைக் குடியிருப்புகளில் இலவசமாகவே பூட்டினார்கள். அறிவித்த காலத்துக்குள் இலக்கை எட்டவில்லை. பூட்டியதிலும் பல உறைபனியிலும் கெட்ட தண்ணியிலும் பழுதாகி, ஒழுகி, திருத்த ஆளில்லாமல் கூரைமேல் சும்மா கிடந்தன. வாங்கிய தாங்கிகள் பூட்டப்படாமல் வருடக்கணக்கில் களஞ்சியத்தில் கிடந்து, அதற்கு வாடகை கட்டிய கதையும் உண்டு. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் பழுதுபார்க்க வரவில்லை. இந்தப் பாடம் நமக்கு நன்றாகவே பழக்கமானது.

இரண்டு எதிர்ப்புகள்

முதலாவது, பின்வரிசைத் தோழர்களின் சிரிப்பு. முதலில் சம்பளம், முதலில் காணி, முதலில் வீடு, சுடுதண்ணி பிறகு.

நான் ஒத்துக்கொள்கிறேன். சுடுதண்ணித் தாங்கி இல்லை என்பதற்காக ஒரு வீடும் ஒரு நாளும் தாமதமாகக் கூடாது. இதைக் காரணம் காட்டி வீட்டைத் தள்ளிப்போட யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது. ஆனால் "முதலில் அது, பிறகு இது" என்று நம்மிடம் சொன்னவர்கள் யார், அந்தப் "பிறகு" எப்போது வந்தது என்பதையும் பாருங்கள். நமது தாய்மாருக்குப் பிரசவக் காசு முதலாளி மனமிரங்கிக் கொடுத்ததா? 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்து, கொடுத்தே ஆக வேண்டும் என்றது. தோட்டத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்பது 1927இல் சட்டம் வந்த பிறகுதான். அவை வந்த நாட்களிலும் சம்பளம் பத்தாமல்தான் இருந்தது, வீடு காம்பராவாகத்தான் இருந்தது. இருந்தும் நம் முன்னோர் வரிசை பார்த்துக் காத்திருக்கவில்லை.

புது வீட்டுக்குக் கட்டாய விதி என்பதும் நமக்குப் பழக்கம்தான். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. அலைச்சல்தான், தாமதம்தான். ஆனால் 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்களோடு நம் சனம் மண்ணுக்குள் போன பிறகு, அந்த விதி வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நல்ல விதி என்றால் அது நம்மைக் காக்கிறது. ஆகவே விதி வேண்டுமா என்பதோடு கேள்வி முடியாது. விதி யாரைக் கட்டுகிறது என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் பலமானது. ஒரு மாதர் சங்கத் தலைவி கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னார்: "சார், சுடுதண்ணி இருக்கட்டும், எங்க தொங்கலுக்கு மாசி பங்குனியில பச்சைத் தண்ணியே வர்றதில்ல."

இதற்கு மேல் உண்மை இல்லை. தண்ணி இல்லாத பைப்பில் எந்தத் தாங்கியும் வேலை செய்யாது. வேலை செய்யாதது மட்டுமில்லை, கெட்டும் போகும். காய்ந்து கிடக்கிற கண்ணாடிக் குழாய் வெயிலில் கொதித்திருக்கும். அந்த நேரத்தில் குளிர்ந்த தண்ணி பாய்ந்தால் வெடித்துவிடும். ஆகவே வருடம் முழுவதும் வீட்டுக்குள் வருகிற பைப்தான் முதல் விதி. தாங்கி அதற்கு அடுத்தது. இதைத் தலைகீழாகச் செய்தால் தென்னாபிரிக்கக் கதைதான். ஆனால் இதையே நமக்குச் சாதகமாகப் பிடிக்கலாம். சுடுதண்ணித் தாங்கி கட்டாயம் என்று விதி வந்தால், தண்ணி வராத இடத்தில் வீட்டைக் கட்டிக் கையைக் கழுவிவிட்டுப் போக முடியாது.

நான் முன்வைப்பது

ஆகவே என் பதில்: ஆம், அரசாங்கம் கட்டாயமாக்க வேண்டும். ஆனால் கட்டாயம் கட்டிக் கொடுக்கிறவருக்கு, குடியிருப்பவருக்கு இல்லை. இதை ஐந்து வரியாக எழுதிக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று. அரசாங்கக் காசிலும் வெளிநாட்டு உதவியிலும் கட்டப்படுகிற தோட்ட வீடு ஒவ்வொன்றிலும், எந்த மலையாக இருந்தாலும், தாங்கி வைக்கிற பலமான இடமும், குளியலறைக்கும் குசினிக்கும் போகிற இரண்டாவது பைப்பும் வீட்டுப் படத்திலேயே இருக்க வேண்டும். கூரை வெயில் படுகிற பக்கமாக இருக்க வேண்டும். மலை நிழலிலும் சவுக்கு நிழலிலும் வீட்டை ஒதுக்கக் கூடாது. இது சின்னச் செலவு. இதற்கு எந்த விலக்கும் வேண்டாம்.

இரண்டு. உயரமான குளிர்ப் பிரதேசத்தில், வருடம் முழுவதும் பைப்பில் தண்ணி வருகிற திட்டங்களில், தாங்கியையும் சேர்த்தே பூட்டிக் கொடுக்க வேண்டும். உறைபனியைத் தாங்குகிற வகையாக இருக்க வேண்டும். பச்சைத் தண்ணி கலக்கிற குழாயும் வேண்டும். நல்ல வெயிலில் இந்தத் தண்ணி பிள்ளையின் தோலை வேகவைக்கிற சூட்டுக்குப் போகும். மூட்டமே அதிகமாக உள்ள தோட்டத்தில், அந்தக் காசுக்குப் புகைக்கூண்டு வைத்த, விறகு குறைவாக எரிகிற அடுப்பைக் கட்டித் தர வேண்டும். விலக்கு என்று சொல்லி ஒன்றும் தராமல் போகக் கூடாது.

மூன்று. இதன் செலவு வீட்டுக்கு ஒதுக்கிய மானியத்தில் சேர வேண்டும். வீட்டுக் கடனில் சேர்த்துச் சம்பளத்தில் வெட்டக் கூடாது. வீட்டின் அளவைக் குறைத்து ஈடு செய்யவும் கூடாது. காணியும் தொழிற்சாலையும் குத்தகைக்கு எடுத்திருக்கிற கம்பனிகளும் பங்கு போட வேண்டும். விறகு பொறுக்கப் போகாத பெண் களைப்பில்லாமல் மறுநாள் மலைக்கு வருவார். அதில் லாபம் அவர்களுக்கும் உண்டு. தன் காசில், சீட்டுப் பிடித்து, ஏழு பேர்ச்சஸில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் எழுப்புகிற தொழிலாளிக்கு இந்தக் கட்டாயம் அறவே கூடாது. அவருக்கு வட்டி குறைந்த கடனும், வீட்டுப் படம் கீற இலவச உதவியும் கொடுக்கட்டும். விருப்பமிருந்தால் பூட்டுவார்.

நான்கு. பழுதுபார்க்க ஆள் வேண்டும். பூட்டுகிற கம்பனி குறைந்தது ஐந்து வருடம் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஆணும் பெண்ணுமாக இரண்டு மூன்று பிள்ளைகளைத் தொழிற்பயிற்சி அதிகார சபை மூலம் பைப் வேலையும் இந்த வேலையும் பழக்க வேண்டும். சாதாரண தரம் எழுதிவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகிற பிள்ளைக்கு ஊரிலேயே ஒரு தொழில் கிடைக்கும்.

ஐந்து. இன்னும் வருடக்கணக்கில் லயத்தில் இருக்கப்போகிறவர்களை மறக்கக் கூடாது. லயத்தில் யாருக்கும் தனிக் கூரை இல்லை. 2016இல் அரசாங்கம் கூரையில் கரண்ட் உற்பத்தி செய்யும் திட்டத்தைத் தொடங்கியபோது, சொந்தக் கூரையும் கையில் காசும் இருந்தவர்தான் பயன்பெற்றார். நமக்கு அதில் இடமே இருக்கவில்லை. இந்த முறை அப்படி விடக் கூடாது. புதிதாகக் கட்டப்படுகிற பிள்ளைக் காம்பராவிலும், தோட்ட டிஸ்பென்சரியிலும், பொதுக் குளியலறையிலும் வெயில் சுடுதண்ணி கட்டாயம் என்று முதலில் விதி வரட்டும். ஒரு தாங்கி பத்துப் பதினைந்து குழந்தைகளுக்கு உதவும்.

தோழர்களே, இந்த ஐந்தும் ஒரே நாளில் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. முதல் வரி கிடைத்தால்கூடப் பெரிய விஷயம். பைப்பும் பலமான கூரையும் இருந்தால், தாங்கியை நாளைக்கு வைக்கலாம், அடுத்த வருடம் வைக்கலாம், வெளிநாட்டில் வேலை செய்கிற மகள் அனுப்புகிற காசில்கூட வைக்கலாம். அவை இல்லாமல் கட்டிவிட்டால், அடுத்த ஐம்பது வருடத்துக்கு விறகுக் கட்டு நம் தலையில்தான்.

தீர்மானத்துக்கு விடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வெறுங்கையோடு அமைச்சுக்குப் போக முடியாது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்துக்கு மூன்று விபரம் எழுதிக் கொண்டுவாருங்கள். ஒரு வாரத்தில் ஒரு வீட்டில் விறகுக்காக எத்தனை மணித்தியாலம் போகிறது, யார் போகிறார். உங்கள் பைப்பில் எந்தெந்த மாதம் தண்ணி வருவதில்லை. உங்கள் டிவிசனில் புது வீட்டுக்கு இடம் பார்த்திருக்கிறார்களா, அத்திவாரம் போட்டாயிற்றா. முதல் கேள்வியை மட்டும் ஆண்கள் பதில் சொல்ல வேண்டாம். விறகு சுமக்கிறவரிடமே கேட்டு எழுதுங்கள்.

அத்திவாரம் போடாத இடம் எங்கெங்கே இருக்கிறதோ, அங்கே நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அந்தத் தோட்டங்களிலிருந்து தொடங்குவோம்.